பால்வாடி எத்தனை மணிக்கு அடைக்கும்?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது தங்கச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் பீடி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் சொளவு. அதில் ஒரு பக்கம் வெட்டிய இலை, ஒரு பக்கம் தூள். இலையில் தூளை வைத்து உருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்கிப் போட அவளுக்குச் சில நொடிதான் ஆகிறது. கண் வேலையில் இல்லை, வாசலில் நின்ற மகன் மேல் இருந்தது. அவனுக்கு மூன்றரை வயது. தெருவில் டிராக்டர் சத்தம் கேட்டால் போதும், "ஏல, உள்ள வா" என்று கத்துவாள். கை நிற்காது. அவன் வந்து அவள் முதுகில் சாய்ந்துகொள்வான். கொஞ்ச நேரத்தில் இருமுவான்.

அந்த இருமல் எனக்குப் பழக்கமானது. எங்கள் அம்மாவும் இதே வீட்டில், இதே திண்ணையில்தான் பீடி சுற்றினாள். அம்மா மடியில் உட்கார்ந்த ஞாபகம் எனக்கு அதிகம் இல்லை. அங்கே எப்போதும் சொளவு இருந்தது. கொஞ்சம் வளர்ந்ததும் முனை மடக்கிக் கொடுக்கப் பழகிக்கொண்டேன். திருநெல்வேலி மாவட்டத்தில் எங்கள் முக்கூடல் சுற்றுவட்டாரத்தில் என் வயதுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், எழுதப் பழகுவதற்கு முன்னால் முனை மடக்கப் பழகியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

ஆனால் எனக்கு ஒரு பால்வாடி இருந்தது. அதே பால்வாடி இன்றும் ஊரில் இருக்கிறது. தங்கச்சி வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. அப்படியிருந்தும் அவள் மகன் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் திண்ணையில் நின்று இருமிக்கொண்டிருந்தான். ஏன் என்று அவளிடம் கேட்டேன். அப்புறம் பால்வாடிக்கே போய் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எம்.ஜி.ஆர் 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது எனக்கு மூன்று வயது. அதைப் பள்ளிக்கூடத்துத் திட்டமாகத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் தொடக்கத்திலிருந்தே இரண்டு வயது முடிந்த பால்வாடிக் குழந்தைகளுக்கும் அதில் சோறு இருந்தது. அதற்கு முன்பே, 1975 அக்டோபர் 2 அன்று, மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை நாடு முழுக்க 33 வட்டாரங்களில் மட்டும் தொடங்கியிருந்தது. அங்கன்வாடி என்ற பெயர் அதனோடு வந்தது. இப்போது போர்டில் 'குழந்தைகள் மையம்' என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊர் வாயில் வருவது இன்றைக்கும் பால்வாடிதான்.

காலையில் ஆயா வீடு வீடாக வந்து கூட்டிக்கொண்டு போவார். கையில் ஒரு அலுமினியத் தட்டு. போகிற வழியெல்லாம் அதைத் தட்டிக்கொண்டே போவோம். ஓட்டுக் கட்டடம், பின்பக்கம் விறகு அடுப்பு. சோறு வேகிற வாசனை வந்துவிட்டால் மத்தியானம் ஆகப் போகிறது என்று அர்த்தம். சாப்பிட்டதும் பாய் விரித்துத் தூங்க வைப்பார்கள். இதெல்லாம் மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. ஒரே ஒரு விஷயம் மட்டும் நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. பெரிய மழை பெய்த மறுநாள் டீச்சர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நேத்து மழையில ஒங்க வீட்டு ஆடு எங்கட்டி நின்னுச்சு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் யோசித்து, அடுக்களைக்குள்ளே நின்றதையும், அம்மா திட்டியதையும், ஆட்டின் மேலிருந்து தண்ணீர் சொட்டி அடுப்புச் சாம்பலில் விழுந்ததையும் சொல்லி முடிக்கும் வரை அவர் வேறு எங்கும் திரும்பவில்லை. வீட்டில் என்னிடம் பேசியவர்கள் எல்லாரும் எதையாவது எடுத்துவரச் சொன்னவர்கள். என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த முதல் ஆள் அந்த டீச்சர்தான்.

இன்று திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் கணக்கு பார்க்கிறேன். பெரிய உத்தியோகம் கிடையாது. ஆனால் எந்த ஆபீசர் முன்னாலும் கேட்ட கேள்விக்குத் திணறாமல் பதில் சொல்வேன். அது எங்கிருந்து வந்தது என்று நினைக்கும்போதெல்லாம் அந்த ஆடு ஞாபகம் வரும்.

சரி, தங்கச்சி மகன் கதைக்கு வருகிறேன்.

ஜூன் மாதம் அவனை ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சேர்த்தார்கள். பெயர் வேண்டாம். ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். காலை ஏழே முக்காலுக்கு வேன் வரும். மூன்றரை வயதுப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பி, சட்டை மாட்டி, டை கட்டி, அழ அழ ஏற்றிவிடுவார்கள். ஃபீஸுக்காகத் தங்கச்சி சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கினாள். வேனுக்கு மாதா மாதம் தனி. நாள் முழுக்க முதுகு ஒடியச் சுற்றினால்தான் ஆயிரம் பீடி தேறும்; அப்படி எத்தனை ஆயிரம் அந்த வேனில் ஏறிப் போயிருக்கும் என்று அவளே கணக்குப் போட்டுச் சொன்னாள்.

இரண்டாவது மாதம் அவன் நோட்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள். ஒரே எழுத்து, நாற்பது தடவை. கடைசி வரிகளில் பென்சில் அழுத்தி அழுத்திக் காகிதம் கிழிந்திருந்தது. அந்த வயதில் விரல் எலும்பும் தசையும் பென்சிலை இறுக்கிப் பிடிக்கத் தயாராகியிருக்காது. மண் பிசைந்து, விதை பொறுக்கி, கயிறு முடிந்து பழகிய பிறகு எழுத்து தானாக வரும். இதைச் சொன்னால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று அந்தப் பள்ளி டீச்சரே தங்கச்சியிடம் ரகசியமாகச் சொன்னாராம். நோட்டில் எழுத்து இருந்தால்தான் கொடுத்த காசுக்குப் படிப்பு நடக்கிறது என்று வீட்டில் நம்புகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வேறு எதை வைத்து அவர்கள் அளப்பார்கள்?

ஆகஸ்டில் அவனுக்கு வேனைக் கண்டாலே காய்ச்சல் வர ஆரம்பித்தது. நிறுத்திவிட்டார்கள். கடன் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

"அப்போ பால்வாடிக்கு அனுப்ப வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"யக்கா, அங்க சோறு போடுவாக, தூங்க வப்பாக. படிப்பு எங்க இருக்கு? அதுவும் மூணு மணிக்கெல்லாம் வந்து கூட்டிட்டுப் போன்னு சொல்லிருவாக. எனக்கு அந்நேரந்தான் வேல மும்முரம். அஞ்சு மணிக்குப் பீடிக் கடைக்கு எண்ணிக் கொண்டு போணும். வந்து கூட்டிட்டு வந்தா அன்னைக்கு நூறு பீடி கொறையும்."

இரண்டு காரணம் சொன்னாள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, நேரம் ஒத்துவரவில்லை. நம் ஊரில் முன்பருவக் கல்வியை, அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய படிப்பைப் பற்றி நடக்கும் பேச்செல்லாம் இந்த இரண்டையும் விட்டுவிட்டு வேறு எங்கோ போகிறது. கட்டடம் கட்டினோம், சுவரில் பொம்மை வரைந்தோம், பொருள் வாங்கிக் கொடுத்தோம் என்கிறார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் கதவு திறந்திருக்கும் நேரம் தாயின் வேலை நேரத்தோடு பொருந்தாவிட்டால், உள்ளே பிள்ளையோடு உட்கார ஒரு ஆள் ஓய்வாக இல்லாவிட்டால், ஐந்து நிமிட நடையில் இருக்கும் பால்வாடியும் அவளுக்கு எட்டாத தூரம்தான்.

மறுநாள் காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். டீச்சரக்கா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். "இருந்து பாருங்க, எங்களுக்கும் ஒரு ஆள் தொணைதான்" என்று பாயில் இடம் கொடுத்தார். பதினான்கு பிள்ளைகள். ஆயா பின்பக்கம் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அன்று முட்டை நாள். வாரத்துக்கு மூன்று நாள் முட்டை உண்டு. பிள்ளைகளுக்கு அது எந்தெந்த நாள் என்று துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

டீச்சரக்கா ஒரு டப்பா புளியங்கொட்டையைத் தரையில் கொட்டினார். ஆளுக்கு ஒரு சிரட்டை. "மூணு எடுத்துக் கையில மூடி வச்சுக்கோங்க. யார் கையில எத்தனன்னு நான் ஒவ்வொருத்தரா கேப்பேன்." பிள்ளைகள் குனிந்து பொறுக்கினார்கள். சிலர் எண்ணினார்கள், சிலர் அள்ளினார்கள். தங்கச்சி மகன் ஒன்றை எடுத்து, தூக்கிப் பார்த்து, கீழே வைத்து, வேறொன்றை எடுத்தான். பளபளப்பாக இருப்பதாகப் பார்த்துப் பார்த்து மூன்று. கையை இறுக்கி மூடிக்கொண்டு டீச்சர் முன்னால் போய் நின்றான்.

அதே நேரம் வாசலில் ஒரு கர்ப்பிணிப் பெண் சத்துமாவு வாங்க வந்தார். அவர் பெயரைப் பதிந்து, கையெழுத்து வாங்கி, பாக்கெட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்குள் போன் அடித்தது. நேற்று எடை போட்ட குழந்தைகளின் விவரம் செயலியில் ஏறவில்லையாம், உடனே ஏற்றச் சொல்லி மேலிருந்து அழைப்பு. 'போஷன் டிராக்கர்' என்ற அந்தச் செயலியில்தான் வருகை, எடை, உயரம், சத்துமாவு எல்லாம் பதிய வேண்டும். கட்டடத்துக்குள் சிக்னல் இல்லை. டீச்சரக்கா போனைத் தூக்கிப் பிடித்தபடி வேப்பமரத்தடிக்குப் போனார். திரும்பி வந்தபோது தடுப்பூசி நாள் பற்றிக் கேட்க கிராம சுகாதார செவிலியர் வந்து நின்றார்.

அவன் கையை மூடிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தான். ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கேட்டிருக்கலாம். ஆனால் அவன் என்னிடம் காட்ட வரவில்லை, டீச்சரிடம் காட்ட வந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் விரல்கள் தளர்ந்தன. மூன்று கொட்டையையும் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டான். டீச்சரக்கா வந்து உட்கார்ந்தபோது வட்டமே கலைந்திருந்தது. அவர் முகத்தில் இருந்தது எனக்குப் புரிந்தது. "காலைல நாலு விஷயம் யோசிச்சு வச்சிட்டுத்தான் வாரேன் தங்கச்சி. ரெண்டு நடந்தா அன்னைக்கு நல்ல நாளு" என்றார்.

அங்கன்வாடியின் வேலை என்று திட்டத்தில் ஆறு சேவைகள் இருக்கின்றன. துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துக் கல்வி, முன்பருவக் கல்வி. ஆறும் ஒரு டீச்சர் தலையில், உதவிக்கு ஒரு ஆயா. மற்ற ஐந்துக்கும் பதிவேடு உண்டு, மேலிருந்து கேள்வி உண்டு. ஆறாவது விட்டுப்போனால் எந்தச் செயலியிலும் சிவப்பு விழாது. ஒரு பிள்ளையின் மூடிய கைக்குள் எத்தனை கொட்டை இருந்தது என்று யாரும் போன் செய்து கேட்கப் போவதில்லை. சொல்லிக்கொடுக்கத் தெரியாதவர்கள் இல்லை இவர்கள். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்றே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று மாதவாரியாக ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. விளையாட்டு, கதை, பாட்டு, பக்கத்தில் கிடைக்கும் பொருள் என்று நல்லபடியாகத்தான் போட்டிருக்கிறார்கள். புளியங்கொட்டையை வைத்து டீச்சரக்கா செய்ய நினைத்ததும் அந்த வழிதான்.

கூடுதலாக ஒரு ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று நான் ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவரோடு இருவரும் மாநில அரசோடு சேர்ந்து 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் அதில் பாதி மையங்களுக்கு, முன்பருவக் கல்விக்கென்று மட்டும், அரை நாள் வேலை பார்க்கும் ஒரு ஆளைக் கூடுதலாகப் போட்டார்கள். கற்பித்தல் நேரம் இரண்டு மடங்கானது. ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்த மையத்துப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்ற மையத்துப் பிள்ளைகளைத் தெளிவாக முந்தியிருந்தார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது அதற்கடுத்த முடிவு. வளர்ச்சி குன்றலும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும்கூடக் குறைந்திருந்தன. யோசித்தால் காரணம் தெரிகிறது. பாடத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதும், பழைய டீச்சருக்கு எடை பார்க்கவும் தாய்மார்களிடம் உட்கார்ந்து பேசவும் நேரம் கிடைத்தது. ஒரு ஆளைச் சேர்த்ததும் இரண்டு வேலையும் உருப்பட்டன.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் இது ஏன் ஊர் ஊராக வரவில்லை? நான் படித்துப் பார்த்த வரைக்கும் சிக்கல் சட்டத்திலேயே தொடங்குகிறது. 1950-இல் வந்த அரசியலமைப்பின் 45-ஆவது பிரிவு, பத்து ஆண்டுகளுக்குள் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. பதினான்கு என்று மேல் எல்லை சொன்னதே தவிர, கீழே எல்லை எதுவும் போடவில்லை. மூன்று வயதுப் பிள்ளையும் அந்த வாக்கியத்துக்குள் இருந்தது. 2002-இல் 86-ஆவது திருத்தம் வந்தபோது ஆறிலிருந்து பதினான்கு வரை அடிப்படை உரிமை ஆனது. அது பெரிய காரியம். ஆனால் ஆறு வயதுக்குக் கீழே இருந்தவர்கள் 'அரசு முயலும்' என்ற வரியிலேயே நின்றுவிட்டார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 11-ஆவது பிரிவு, மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவச முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்கிறது. செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லின் விலையைத்தான் தங்கச்சி குழுக் கடனாக மாதா மாதம் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்று. அதே சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். நுழைவு வகுப்பு என்பது எல்.கே.ஜி. என்றால் எல்.கே.ஜி.யிலேயே. அந்தக் கட்டணத்தை அரசு திருப்பித் தருகிறது. குலுக்கலில் பெயர் வந்த பிள்ளைக்கு நல்லதுதான், அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் தனியார் எல்.கே.ஜி.க்குக் காசு கொடுக்கிற அரசு, தன் சொந்தப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புக்குக் கீழே பெரும்பாலும் ஒன்றும் வைத்திருக்கவில்லை. 2019 ஜனவரியில் ஒரு தொடக்கம் நடந்தது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் வந்தன. 2022-இல் அவற்றை நிறுத்தப் போவதாகப் பேச்சு வந்து, எதிர்ப்பு கிளம்பி, தொடரும் என்று அரசே அறிவித்தது. தற்காலிகமாகச் சிறப்பாசிரியர்களைப் போட்டார்கள், மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில். மாநிலத்தில் மொத்தம் 54,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள். அதில் 2,381 என்பது நூற்றுக்கு ஐந்துகூட வராது.

அதே 2019 ஜனவரியில் நம் மாவட்டத்தில் நடந்த ஒன்றை நெல்லைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போதைய ஆட்சியர் ஷில்பா பிரபாகர் சதீஷ் தன் மகளைப் பாளையங்கோட்டையில் ஓர் அங்கன்வாடியில் சேர்த்தார். எங்கள் கடையில் அன்று முழுக்க அதுதான் பேச்சு. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் எப்போதோ பள்ளி திறந்த ஊர் பாளையங்கோட்டை. பிள்ளைகளைப் படிக்க வைக்க எங்கிருந்தெல்லாமோ வந்து குடியேறுகிற ஊர். அங்கே மாவட்டத்தின் முதல் அதிகாரி வீட்டுப் பிள்ளை பால்வாடிப் பாயில் உட்கார்ந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பி மட்டும், "அக்கா, கலெக்டர் பிள்ளை இருக்கிற பால்வாடியும் எங்க ஊர் பால்வாடியும் ஒண்ணா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்வேன். ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு வேண்டியது என்னவென்று தெரியும், கணக்கும் தெரியும்.

நேரத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. எனக்கு மனதில் அதிகம் உறுத்துவது அதுதான்.

திருநெல்வேலிச் சீமையில் பெண்கள் வேலை பார்க்கும் விதத்தை யோசித்துப் பாருங்கள். முக்கூடல், மேலப்பாளையம், பேட்டை, களக்காடு என்று எங்கே போனாலும் வீட்டு வாசலில் பீடி. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் நடவு, களையெடுப்பு. காலையில் வெயிலுக்கு முன்னால் வயலில் இறங்க வேண்டும், பால்வாடி திறக்கும் வரை யாரும் காத்திருக்க முடியாது. வேலைக்குப் போகிற இடத்தில் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும் என்பது நம் சட்டங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட்டுகளில் பிள்ளைக் காப்பகம் வைக்கச் சொன்னது. 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தாலே, அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவளுக்குக் கூலியும் தர வேண்டும் என்று இருந்தது. 1966-இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்திலும் பிள்ளைக் காப்பகம் இருந்தது. ஆனால் 'தொழில் வளாகம்' என்று சொல்லப்பட்ட இடங்களுக்கு மட்டும். குடியிருக்கும் வீடு அதில் சேராது என்று சட்டமே விளக்கம் சொல்லிவிட்டது. எங்கள் அம்மா, தங்கச்சி, அந்தத் தெரு முழுக்க இருக்கும் பெண்கள் எல்லாரும் வீட்டில்தான் சுற்றுகிறார்கள். ஆகவே அவர்களுக்குத் தொட்டிலும் இல்லை, அறையும் இல்லை. வீட்டில்தானே இருக்கிறாய், பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கு என்ன என்று கேட்பவர்கள் ஒரு நாள் அந்தத் தூள் வாசனைக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆதலால் மையம் மாலை வரை திறந்திருக்க வேண்டும் என்பதைச் சலுகையாக நான் கேட்கவில்லை. அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்த்து நடத்தும் திட்டம் ஒன்று 'பால்னா' என்ற பெயரில் மத்திய அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. கர்நாடகத்தில் 2023-இலிருந்து கிராமப் பஞ்சாயத்துகளில் 'கூசின மனெ' என்று காப்பகங்கள் நடத்துகிறார்கள். கன்னடத்தில் குழந்தை வீடு என்று பொருள். நம்மால் முடியாத காரியம் இல்லை. மத்தியானச் சோற்றை நாட்டுக்கே செய்து காட்டிய மாநிலம் இது. 2022-இல் காலை உணவையும் ஆரம்பித்தோம். அது ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. ஒரே வளாகத்தில் அக்கா காலையில் உப்புமா சாப்பிடுவாள், பக்கத்துக் கட்டடத்துத் தம்பிக்கு மத்தியானம் வரை காத்திருப்பு. அவனையும் அந்தப் பந்தியில் உட்கார வைத்துவிட்டால் காலையில் சீக்கிரம் கதவு திறக்க ஒரு காரணமும் கிடைத்துவிடும்.

வேலை நேரத்தை நீட்டினால் டீச்சருக்கும் ஆயாவுக்கும் அதற்கேற்ற சம்பளம் தர வேண்டும். இதைச் சொல்லாமல் நேர நீட்டிப்பைப் பற்றி மட்டும் பேசுவது நியாயம் இல்லை. மத்திய அரசின் பங்காக ஒரு பணியாளருக்கு 2018-இலிருந்து 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மிச்சத்தை மாநிலம் போடுகிறது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்புச் சொன்னபோது, கல்வி உரிமைச் சட்டத்தின் அந்த 11-ஆவது பிரிவையும் சுட்டிக்காட்டி, முன்பருவக் கல்வியைத் தருகிறவர்கள் இவர்கள்தான் என்றது. ஆசிரியர் என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்தவர்கள் சம்பளப் பட்டியலில் மதிப்பூதியக்காரர்களாகவே இருக்கிறார்கள். டீச்சரக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "மொதல்ல அந்தப் போனுக்கு ஒரு ஆள் போடச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த கிராமசபையில் கொடுக்க ஒரு மனு எழுதலாம் என்று அன்று சாயங்காலம் தங்கச்சி வீட்டில் ஏழெட்டுப் பெண்கள் கூடினார்கள். எல்லாரும் சொளவோடுதான் வந்தார்கள். நான் எழுதினேன், அவர்கள் சுற்றிக்கொண்டே சொன்னார்கள். நம் ஊர் பால்வாடிக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் என்று இன்னொரு ஆள், ஊருக்குள்ளேயே பன்னிரண்டாவது படித்த பெண்கள் இருக்கிறார்கள். பின்பக்கம் கிணற்றைச் சுற்றிச் சுவர். காலையில் பிள்ளைகளுக்கும் சாப்பாடு. சாயங்காலம் ஐந்து மணி வரை திறந்திருக்க வேண்டும்.

வாசித்துக் காட்டினேன். கடைசி வரிக்கு வந்ததும் தங்கச்சி கையை நிறுத்தினாள். நான் வந்ததிலிருந்து அன்றுதான் அவள் கை நின்று பார்த்தேன்.

"யக்கா, அஞ்சுன்னு போடாத. அஞ்சு மணிக்குத்தான் நாங்க கடையில வரிசைல நிப்போம். எண்ணி முடிச்சு, கழிச்சது போக வாங்கிட்டு வர ஆறு ஆயிரும். ஆறுன்னு எழுது."

அடித்துவிட்டு ஆறு என்று எழுதினேன். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் பேனாவைப் பார்த்துக்கொண்டே சட்டைப் பைக்குள் கையை விட்டான். மூடிய கையை என் முன்னால் நீட்டினான்.

"எத்தனல வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்தேன்.